நாற்பத்தொரு வாய்ப்பூட்டு

காலை ஒன்பதே காலுக்கு எண்ணிக்கை பதினேழுக்கு வந்துவிட்டது. மூன்று வாரத்துக்கு முன்னால் அது இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு. வார்னிங் அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு நின்றபடியே தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் காபி ஆறி ஆடை கட்டிக் கிடந்தது.

அந்தக் கம்பெனி லிஃப்ட்டுகளுக்கு மூளை எழுதித் தருகிறது. பத்துப் பன்னிரண்டு பேர் ஆளுக்கொரு துண்டாக எழுதுவார்கள். அத்தனை துண்டையும் சேர்த்து, லிஃப்ட்டில் ஏற்றக்கூடிய ஒரே நிரலாகக் கட்டித் தர ஒரு கருவி இருக்கிறது. அந்த வேலைக்கு அங்கே பில்ட் என்று பெயர். எழுதியதில் பிழை இருந்தால் கருவி அடம்பிடித்து நின்றுவிடும். பிழை இல்லை, ஆனால் ஏதோ இடிக்கிறது என்றால் நிற்காது. ஒரு வரி முனகிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். அந்த முனகலுக்குத்தான் வார்னிங் என்று பெயர். ஓடுகிற வண்டியை யார் பழுது பார்க்கிறார்கள்? வருடக்கணக்கில் கருவி முனகியது, இவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை, இரண்டாயிரத்து முந்நூறு சேர்ந்துவிட்டது.

அதையெல்லாம் உட்கார்ந்து வாசித்த ஒரே ஜீவன் அக்காதான். பெயரும் அப்படி வந்து ஒட்டிக்கொண்டதுதான்.

பதினான்கு வருடத்துக்கு முன்னால் அவர் சேர்ந்தது வாசலோரத்து மேசை வேலைக்கு. வருபவரை உட்காரச் சொல்வது, போன் எடுப்பது, கூரியருக்குக் கையெழுத்துப் போடுவது. பில்ட் ஓடும் கணினிக்கு உள்ளே எங்கும் ப்ளக் கிடைக்காமல் அவருடைய மேசைக்கடியில் கொண்டுவந்து திணித்தார்கள். முழங்காலில் இடித்துக்கொண்டே இருக்கும். சாப்பிடப் போன பொறியாளர்கள் அங்கிருந்தே போன் போட்டு, "அக்கா, ஸ்க்ரீன்ல என்ன ஓடுதுன்னு கொஞ்சம் வாசிங்களேன்" என்பார்கள். அவரும் வாசிப்பார். முதல் வருடம் வாசித்தது கிளிப்பிள்ளை மாதிரி. இரண்டாம் வருடம் அவரே போன் போட்டார்: "தம்பி, நேத்தைவிட இன்னைக்கு நாலு வரி ஜாஸ்தியா முனகுது. எதைத் தொட்டீங்க?" மூன்றாம் வருடம் பழைய புத்தகக் கடையில் தடிமனாக இரண்டு புத்தகம் வாங்கி, மகள் வீட்டுப்பாடம் எழுதும் மேசையின் மறுமுனையில் உட்கார்ந்து தானும் எழுதிப் படித்தார். ஆறாம் வருடத்தில் பில்ட் மொத்தமும் அவர் கைக்கு வந்துவிட்டது. மேசையும் உள்ளே வந்தது. பதவி மட்டும் வாசலிலேயே நின்றுவிட்டது. சம்பளச் சீட்டில் இன்றைக்கும் முன்னறை உதவியாளர் என்றுதான் இருக்கிறது.

மூன்று முறை கேட்டுப் பார்த்தார். மூன்று முறையும் மேலாளர், "பட்டம் இல்லையேம்மா, பார்க்கலாம்" என்றார். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பார்க்காமலே இருக்கிறவர்கள் சொல்லும் 'பார்க்கலாம்' எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் இந்த முறை அவரே கூப்பிட்டார். பெரிய சரக்கு லிஃப்ட் செய்யும் நிறுவனம் ஒன்று இவர்களுடைய நிரலை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. அவர்களுடைய ஆய்வாளர் வருகிற நாளில் திரையில் ஒரு வார்னிங்கூட இருக்கக் கூடாது. "சுழியம் காட்டுங்க, அவங்க ஒப்புதல் போடட்டும், அதே மேசையில நான் உங்களைப் பொறியாளர்னு கையெழுத்துப் போடறேன்" என்றார். கடிதத்தை அடித்தும் வைத்துவிட்டார். நீல ஃபைலில் இருந்த அதை அக்கா தன் கண்ணாலேயே பார்த்தார். மேலாளரின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. ஆய்வாளர் வருகிற நாள் இன்றைக்கு. நேரம் மதியம் இரண்டு.

"இன்னும் எத்தனை அக்கா?" என்று எட்டிப் பார்த்தார் குடுக்கை. அவசரக்குடுக்கை என்று கூப்பிட ஆரம்பித்து, அதற்கும் நேரமில்லாமல் குடுக்கையாகச் சுருங்கியவர். பொறியாளர். நல்ல மூளை, பொறுமைதான் கிடையாது.

"பதினொண்ணு. அதுல எட்டு உங்க கைவண்ணம்."

"நான் அன்னைக்கே சொன்னேன். மேல இருக்கிற ஃபைல்ல ஒரே ஒரு வரி போட்டா அத்தனை வாயும் மூடிக்கும். ரெண்டு நிமிஷ வேலையை மூணு வாரமா இழுக்கறீங்க."

"மெயின் ஸ்விட்ச அணைச்சா, கிறீச்சு கிறீச்சுனு கத்துற ஃபேன் நிக்கும். கூடவே ஃப்ரிட்ஜும் நிக்குமா நிக்காதா? அப்புறம் பால் திரிஞ்சுபோச்சுன்னு என்கிட்ட வந்து அழக்கூடாது."

இதுதான் அக்காவின் சட்டம். வார்னிங் வந்தால் முதலில் அது சொல்வதைக் கேள், சரிசெய். நிஜமாகவே வெறும் முனகல்தான் என்றால் வாயை மூடலாம், ஆனால் அந்த ஒரு வரிக்கு மட்டும். அதற்கு அவர் வைத்த பெயர் வாய்ப்பூட்டு. ஒவ்வொரு பூட்டுக்கும் பக்கத்தில் ஏன் பூட்டினாய் என்று ஒரு வரி, யார் பூட்டினது என்று ஒரு பெயர். 'சும்மா' என்று காரணம் எழுதிய ஒருவரை அவர் மூன்று நாள் சும்மா விடவில்லை.

பதினொன்று ஒன்பதாயிற்று, ஒன்பது நாலாயிற்று. பக்கத்து மேசைக்காரர்கள் தங்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து சூழ்ந்துகொண்டார்கள். பதினொன்றே முக்காலுக்கு அக்கா கடைசி வரியைத் திருத்தி பில்ட்டை ஓடவிட்டார். ஒரு பில்ட்டுக்குப் பதினோரு நிமிடம் ஆகும். அந்தப் பதினோரு நிமிடமும் ஒருவரும் நகரவில்லை. குடுக்கை நகத்தைக் கடித்துத் தீர்த்துவிட்டு பேனா மூடியைக் கடிக்க ஆரம்பித்தார்.

சுழியம்!

அந்த அறையில் அப்படி ஒரு கூச்சல் அதுவரை எழுந்ததில்லை. யாரோ மேசையைத் தட்டினார்கள், யாரோ விசிலடித்தார்கள். அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கையோடு கையாக அமைப்பில் ஒரு சொல்லையும் மாற்றினார்: இனிமேல் ஒரு வார்னிங் வந்தாலும் அதைப் பிழையாகவே எடுத்துக்கொண்டு பில்ட் நின்றுவிட வேண்டும். "இனிமே யாராவது குப்பை போட்டா வாசல்லயே மறிச்சிடும்" என்றார். மேலாளர் ஓடி வந்து கைகொடுத்தார். அவர் கைகொடுத்ததும் அதுவே முதல் முறை.

வேலை முடிந்தது, சாப்பிடப் போயிருக்கலாம். ஆய்வாளர் முன்கூட்டியே அனுப்பியிருந்த படிவத்தில் ஒரு கேள்வி மட்டும் மிச்சம் இருந்தது: அணைத்து வைத்திருக்கும் எச்சரிக்கைகள் எத்தனை?

"ஏதோ கொஞ்சம்னு எழுதிடுங்க" என்றார் மேலாளர்.

அக்காவுக்கு 'ஏதோ கொஞ்சம்' எழுத வராது. தேடி எண்ணினார். நாற்பத்தொன்று. எண்ணுகிறவர் எண்ணிவிட்டு எழுந்திருக்கலாம் அல்லவா? இவருக்குக் கை சும்மா இராது. ஒவ்வொரு பூட்டுக்கும் எழுதியிருந்த காரணத்தை வாசித்துக்கொண்டே வந்தார். குடுக்கை போட்டவை பதினாறு. அவற்றைச் சந்தேகத்தோடு இரண்டிரண்டு முறை வாசித்தார். சரியாகத்தான் இருந்தன. தன் பெயர் இருந்தவற்றை, நாம் போட்டதுதானே என்று கண்ணை ஓட்டிவிட்டுப் போனார்.

இருபத்தொன்பதாவதைத் தாண்டி முப்பத்திரண்டுக்குப் போனவர் நின்றார். திரும்பி வந்தார். ஆறு வருடத்துக்கு முன்னால் அவரே போட்ட பூட்டு. கருவி அன்றைக்குச் சொன்னது: பெரிய எண்ணைச் சின்ன இடத்தில் வைக்கிறாய், கொள்ளாமல் போகலாம். அக்கா எழுதியிருந்த காரணம்: 'லிஃப்ட்காரர்களைக் கேட்டாயிற்று. ஆயிரம் கிலோவுக்கு மேல் ஏற்றவே மாட்டார்கள்.'

அன்றைக்கு அது சத்தியம். எடையைப் பத்துப் பத்துக் கிலோவாக எண்ணி ஓர் இடத்தில் வைக்கிறது நிரல். அந்த இடத்தில் 255 வரைதான் கொள்ளும், அதாவது இரண்டாயிரத்து ஐந்நூற்று ஐம்பது கிலோ. ஆயிரம் கிலோ லிஃப்ட்டுக்கு அது தாராளம். இன்றைக்கு வாங்க வருகிறவர்களுடைய லிஃப்ட்டோ மூவாயிரம் கிலோ.

அக்கா எழுந்து ஆய்வகத்துக்கு ஓடினார். ஓடினார் என்றால் நிஜமாகவே ஓட்டம்தான். பின்னால் என்னவோ ஏதோ என்று குடுக்கையும் ஓடினார். அங்கே ஒரு மேசைமேல் லிஃப்ட்டின் கட்டுப்பாட்டுப் பெட்டியும், எடையைப் போலியாக ஏற்றிக் காட்ட ஒரு திருகும் இருந்தன. அக்கா திருகினார். 2,530. 2,540. 2,550. இன்னும் ஒரே ஒரு திருகு.

திரையில் 0.

"அக்கா, லிஃப்ட் காலியாயிடுச்சு!" என்று அலறினார் குடுக்கை.

2,600-க்குத் திருகியபோது லிஃப்ட் தன்மேல் நாற்பது கிலோ இருப்பதாக நினைத்துக்கொண்டது. 3,100-க்கு ஐந்நூற்று நாற்பது. மூவாயிரத்தைத் தாண்டினால் அடிக்க வேண்டிய அபாய மணி வாயே திறக்கவில்லை. எப்படித் திறக்கும், எண் மூவாயிரத்தைத் தொட்டால்தானே? சோதனைக் குழுவின் பட்டியலும் பழைய பட்டியல்தான், ஆயிரத்தோடு முடிந்திருந்தது. அக்காவுக்குப் பரபரப்பு உச்சிக்கு ஏறியது. சரக்கோடு சரக்காக ஆட்களும் ஏறுகிற லிஃப்ட் அது. அது இன்னும் எங்கும் ஏறவில்லை, இங்கேதான் இருக்கிறது, பிடித்தாயிற்று!

மணி ஒன்று பத்து. மேலாளர் விஷயத்தைக் கேட்டதும் முதலில் கதவைச் சாத்தினார்.

"சரிபண்ண எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு சொல்லை மாத்தணும் சார். ஒரு நிமிஷம்."

"மாத்தினா?"

"இதுவரைக்கும் திருத்தினதுல லிஃப்ட் ஓடுற விதம் மாறலை, இது எடைக் கணக்கையே மாத்துது. மறுபடி மொத்தச் சோதனையும் பண்ணணும். நாலு வாரம்."

மேலாளர் நெற்றியைத் தேய்த்தார். "இன்னைக்கு ஒப்புதல் வாங்கிடுவோம். அடுத்த பதிப்புல மாத்திக்கலாம். யாருக்கும் தெரியப் போறதில்லை. நாம சொன்னாத்தானே?" என்றவர், நீல ஃபைலை மேசையில் இரண்டு விரற்கடை முன்னால் நகர்த்தினார். "அதோட, பூட்டு போட்டது உங்க பேர்ல இருக்கும்மா. பட்டம் இல்லாதவங்க கையில குடுத்தா இப்படித்தான்னு நாலு பேர் சொல்லுவாங்க. நான் சொல்லலை, சொல்லுவாங்க."

நான் சொல்லவில்லை என்று சொல்லிக்கொண்டே சொல்கிற ஆட்களை என்ன செய்வது? அக்கா அந்த ஃபைலைப் பார்த்தார். பதினான்கு வருடம் அதற்குள் ஒரே தாளாகக் கிடந்தது. வேண்டும் என்றுதான் இருந்தது. வேண்டாம் என்று நினைத்ததாக யாரும் கதைகட்ட வேண்டாம்.

"சார், அந்த மணி அடிக்கணும் சார்" என்றார். வேறொன்றும் சொல்லத் தெரியவில்லை. வெளியே வந்துவிட்டார்.

ஆய்வாளர் சரியாக இரண்டு மணிக்கு வந்தார். அறுபதை நெருங்குகிற அம்மா. தலையில் பாதி நரை, காலில் கனத்த வேலைச் செருப்பு, கையில் அட்டை வைத்த படிவம். மேலாளர் பெரிய திரையில் சுழியத்தைக் காட்டினார். "நல்லது" என்று தலையாட்டிவிட்டு ஆய்வாளர் பேனாவைத் திறந்தார். "அணைச்சு வச்சது?"

"நாற்பத்தொண்ணு மேடம். அதுல நாற்பது சரி, ஒண்ணு தப்பு. வாங்க, காட்டறேன்" என்றார் அக்கா.

மேலாளரின் முகத்தில் ஈயாடவில்லை. ஆய்வாளர் ஆய்வகத்துக்கு நடந்தார், பின்னாலேயே அறை மொத்தமும் நடந்தது. அக்கா திருகைத் திருகிக்கொண்டே சொன்னார். பயம் எங்கோ போய்விட்டிருந்தது. மகளுடைய மதிப்பெண்ணைச் சொல்கிற அம்மா மாதிரி மூச்சுவிடாமல் சொன்னார். எண் ஏறி ஏறி வந்து தொபுக்கென்று சுழியமானதும் ஆய்வாளர் அட்டையைக் கீழே வைத்துவிட்டார்.

"மறுபடி பண்ணுங்க."

மறுபடி பண்ணினார். ஆய்வாளர் தானே ஒரு முறை திருகிப் பார்த்தார். "என்ன அக்கிரமம்!" என்றார். குரலில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். "இப்போ சரிபண்ணிக் காட்டுங்க."

அக்கா ஒரு சொல்லை மாற்றினார். இருபத்தொன்பதாவது பூட்டை எடுத்தே போட்டார். பதினோரு நிமிடம். இந்த முறை ஆய்வாளரும் நகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெட்டியில் ஏற்றித் திருகினார்கள். 2,550. 2,560. கூட்டத்தில் ஒரு பெருமூச்சு. 2,800. 2,990. 3,000. 3,010.

காதைப் பிளக்கிற மாதிரி மணி அடித்தது. குடுக்கை இரண்டு கையையும் தூக்கிக் குதித்தார். அக்காவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தக் கர்ணகடூரமான சத்தத்தை யாரும் நிறுத்த வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

அது அடங்கியதும் ஆய்வாளர் அட்டையை எடுத்தார். "காட்டிய பதிப்பு நிராகரிக்கப்படுகிறது" என்று எழுதி அடிக்கோடு போட்டார். "நாலு வாரம் கழிச்சு வர்றேன். வராம இருக்க மாட்டேன். இப்போ ரெண்டு கையெழுத்து வேணும். இந்தக் கட்டத்துல தவறைக் கண்டுபிடிச்ச பொறியாளர்."

"எங்க குழு மேடம்" என்று மேலாளர் பேனாவை எடுத்தார்.

"அடுத்த கட்டத்துல தவறுக்குப் பொறுப்பான பொறியாளர்."

பேனா வந்த வழியே சட்டைப்பைக்குத் திரும்பியது. ஆய்வாளர் சுற்றிலும் பார்த்தார். அறையில் அத்தனை பொறியாளர்கள் இருந்தார்கள்; எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தரையில் பார்க்க ஏதோ கிடைத்துவிட்டது. ஒரே ஒரு கை மட்டும் மேலே இருந்தது.

"ரெண்டும் நான்தான் மேடம்" என்றார் அக்கா.

"ரெண்டுமா? இருபத்தாறு வருஷமா இந்தப் படிவத்தைத் தூக்கிக்கிட்டு அலையறேன். ரெண்டு கட்டத்துலயும் ஒரே கையெழுத்தை நான் பார்த்ததில்லை." அட்டையை நீட்டினார். "பதவி?"

"முன்னறை உதவியாளர்."

ஆய்வாளர் அட்டையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். கண்ணாடியைச் சரிசெய்து படிவத்தின் அடியில் இருந்த பொடி எழுத்தை வாசித்தார். "பொறியாளர் கையெழுத்து மட்டும்தான் செல்லும். உதவியாளர் போட்டா படிவமே செல்லாது. அப்போ மேலாளர்தான் போடணும். போடறீங்களா சார்?"

மேலாளர் அந்தக் கட்டத்தைப் பார்த்தார். தவறுக்குப் பொறுப்பான பொறியாளர். பிறகு குடுக்கையைப் பார்த்தார். குடுக்கை வாழ்க்கையில் முதல் முறையாக எந்த அவசரமும் காட்டாமல் நின்றார். மேலாளர் தன் அறைக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் நீல ஃபைல் இருந்தது. நின்றபடியே, சுவரில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். தேதியும் போட்டார். அவர் அவ்வளவு வேகமாக ஒரு கையெழுத்துப் போட்டு யாரும் பார்த்ததில்லை.

"இவங்கதான் மேடம் பொறுப்புப் பொறியாளர்" என்றார்.

அக்கா கடிதத்தை வாங்கி முழுக்க வாசித்தார். ஒரு வரியும் விடாமல் வாசிப்பது அவருக்குப் பழக்கம். பிறகு படிவத்தில் முதல் கட்டத்தில் பெயரையும் பொறியாளர் என்ற சொல்லையும் எழுதினார். இரண்டாவது கட்டத்தில் இன்னும் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதினார்.

நடைபாதைக்கு வந்து வீட்டுக்காரருக்குப் போன் போட்டார். அவர் குழாய் வேலை செய்பவர். யார் வீட்டிலோ தண்ணீர் பீய்ச்சுகிற சத்தம் கேட்டது.

"ஏங்க! கையெழுத்துப் போட்டுட்டாங்க. நான் பொறியாளர் ஆயிட்டேன்!"

"அடி சக்கை! அப்போ ஆய்வுல பாஸா?"

"ஃபெயிலுங்க!" என்று அக்கா நடைபாதையே அதிரக் கத்தினார். "நல்லாவே ஃபெயில்!"